பிரவுசரில் வரும் மெயில் தண்டர்பேர்டில் ஏன் வருவதில்லை?

அலுவலகத்திலோ கல்லூரி விடுதியிலோ பிரவுசரைத் திறந்தால் ஜிமெயில் உடனே வருகிறது. அதே கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராமை நிறுவி அதே முகவரியைக் கொடுத்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் சர்வரோடு இணைய முடியவில்லை என்கிறது. இணையம் இருக்கிறது, பாஸ்வேர்டும் சரி, மெயில் மட்டும் இல்லை. இந்த இடத்தில் பலரும் கணக்கை அழித்துவிட்டு மறுபடி சேர்ப்பார்கள். அதுவும் பலிக்காவிட்டால் தண்டர்பேர்டையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். இரண்டாலும் ஒன்றும் ஆகாது. கோளாறு கணக்கிலும் இல்லை, மென்பொருளிலும் இல்லை. நடுவில் நிற்கும் ஃபயர்வாலில் இருக்கிறது.

அந்த ஃபயர்வால் எதை மறிக்கிறது என்பதைப் பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். திரையில் வரும் பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பாதி, நாலைந்து எண்களைச் சரியாகப் போடுவது.

எண்கள்

ஒரு சர்வருக்குள் போகும் வழிகளுக்கு எண் உண்டு, அதுதான் போர்ட். பிரவுசர் 443 என்ற போர்ட்டில் போகிறது. தண்டர்பேர்டு, அவுட்லுக், ஆப்பிள் மெயில் போன்ற மெயில் புரோகிராம்கள் வழக்கமாக அந்த வழியில் போவதில்லை. வந்த மெயிலை எடுக்க ஐமேப் என்ற நெறிமுறை, அதற்கு 993. மெயிலை அனுப்ப எஸ்எம்டிபி. அதற்கு 465 அல்லது 587. பழைய பாப் முறையில் மெயிலை இறக்கிக்கொள்கிறவர்களுக்கு 995. அலுவலக நெட்வொர்க் பலவற்றில் 443-ம் அதற்கு மூத்த 80-ம் மட்டுமே திறந்திருக்கும். அதனால்தான் பிரவுசரில் வருவது புரோகிராமில் வருவதில்லை.

இந்த வழிகள் எவ்வளவு தனித்தனி என்பதைச் சீனாவில் பார்த்தார்கள். 2014 ஜூனில் அங்கே கூகுள் சேவைகள் முடக்கப்பட்டபோது பிரவுசரில் ஜிமெயில் நின்றுபோனது. ஐமேப், பாப் வழியாக மெயில் புரோகிராமில் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் மெயில் வந்துகொண்டிருந்தது. டிசம்பர் கடைசி வாரத்தில் அந்த வழியும் அடைபட்டது. நம் அலுவலகங்களில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ்: பிரவுசர் வழி திறப்பு, புரோகிராம் வழி அடைப்பு.

அடைப்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மெயிலுக்கும் நெட்வொர்க் பாதுகாப்புக்கும் உரசல் பழையது. 1988 நவம்பர் 2 அன்று அமெரிக்க மாணவர் ராபர்ட் மாரிஸ் அவிழ்த்துவிட்ட வார்ம், கம்ப்யூட்டர்களுக்குள் நுழையப் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று செண்ட்மெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் இருந்தது. பிறகு ஸ்பேம் காலம் வந்தது. வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் 25 என்ற போர்ட் வழியாக லட்சக்கணக்கில் குப்பை மெயிலைக் கொட்டின. 25 என்பது மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி. இணையச் சேவை நிறுவனங்கள் பலவும் அதைத் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு மூடிவிட்டன. அமேசானின் கிளவுடில் சர்வர் வாடகைக்கு எடுத்தால்கூட, விண்ணப்பித்துக் கேட்டால் ஒழிய வெளியே போகும் 25 திறக்காது. ஆகவே உங்கள் மெயில் புரோகிராமில் அனுப்பும் சர்வருக்கு 25 என்று இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அதைத் திறக்கச் சொல்லி யாரிடமும் கேட்கவும் வேண்டாம். திறக்கமாட்டார்கள், திறக்காததும் சரிதான்.

25-க்கு மாற்றாக, மனிதர்கள் மெயிலை ஒப்படைக்கத் தனி வழியாக 1998-ல் வந்ததுதான் 587. 465-ன் கதை வேடிக்கையானது. மறையாக்கத்தோடு மெயில் அனுப்புவதற்கென்று 1997-ல் அந்த எண்ணை ஒதுக்கினார்கள். சீக்கிரமே அந்த ஒதுக்கீட்டை ரத்துசெய்து, எண்ணை வேறொரு நெறிமுறைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் குடியேறியவர்கள் காலி பண்ணவில்லை. மெயில் புரோகிராம்களும் சர்வர்களும் 465-ஐப் பயன்படுத்திக்கொண்டே இருந்தன. இருபது வருஷம் புறம்போக்கில் குடியிருந்த பிறகு, 2018 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 8314 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில்தான் பட்டா கிடைத்தது. இப்போது முதல் பரிந்துரையே அதுதான்.

465, 587 இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் போனால், ஃபயர்வால் செய்யாத தப்புக்கு ஃபயர்வாலைத் திட்டிக்கொண்டிருப்போம். 465-ல் இணைப்பு தொடங்கும் முதல் நொடியிலிருந்தே எல்லாம் மறையாக்கம். தண்டர்பேர்டில் இதற்கு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 587-ல் வெளிப்படையாகப் பேசத் தொடங்கி, பாதியில் மறையாக்கத்துக்கு மாறுவார்கள், இதற்கு ஸ்டார்ட்டிஎல்எஸ். 993-ம் 465-ன் வகையைச் சேர்ந்தது. எண்ணையும் வகையையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? 465 போட்டு ஸ்டார்ட்டிஎல்எஸ் தேர்ந்தெடுத்தால், சர்வர் வணக்கம் சொல்லட்டும் என்று புரோகிராம் காத்திருக்கும். புரோகிராம் மறையாக்கத்தைத் தொடங்கட்டும் என்று சர்வர் காத்திருக்கும். இருவரும் மௌனமாக நின்று, நேரம் கடந்து, இணைப்பு அறுந்துவிடும். பார்ப்பதற்கு அப்படியே ஃபயர்வால் மறித்ததுபோல் இருக்கும்.

பிழைச் செய்தியைப் படிப்பது

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை. அதே மடிக்கணினியை, அதே செட்டிங்கோடு, செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அங்கே மெயில் வந்து, அலுவலக வைஃபையில் வராவிட்டால் விவகாரம் அலுவலக நெட்வொர்க்கில் இருக்கிறது. இரண்டிலும் வராவிட்டால் உங்கள் செட்டிங்கையோ கம்ப்யூட்டரில் உள்ள ஆன்டிவைரஸையோ பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நிர்வாகிக்குப் புகார் எழுதுவதில் அர்த்தமில்லை. அவரும் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

இனி செய்திகள். நெடுநேரம் சுற்றிவிட்டு ‘டைம்டு அவுட்’ என்று வந்தால், உங்கள் கோரிக்கையை யாரோ சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டார்கள். ஃபயர்வாலுக்கு அது பிடித்தமான பாணி: மறுப்புக்கூடச் சொல்வதில்லை. எண்ணும் மறையாக்க வகையும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு, பொருந்தினால் போர்ட் மூடியிருக்கிறது என்று முடிவுக்கு வரலாம். தட்டிய உடனே ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால், எதிரே ஏதோ ஒன்று இருந்து வேண்டாம் என்று சொல்கிறது. வெளிப்படையாக மறுக்கும் ஃபயர்வாலாக இருக்கலாம். அந்த சர்வரில் அந்தப் போர்ட்டே இல்லாமலும் இருக்கலாம். ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்றால் பெயரிலேயே தடுக்கல்: சர்வர் பெயரைத் தப்பாகத் தட்டியிருக்கிறீர்கள், அல்லது உள்நெட்வொர்க்கின் டிஎன்எஸ் அந்தப் பெயருக்கு முகவரி தர மறுக்கிறது.

‘பாஸ்வேர்டு தவறு’, ‘லாகின் தோல்வி’ என்று வந்தால் ஃபயர்வாலை விட்டுவிடலாம். சர்வரோடு பேசி, அது உங்கள் பாஸ்வேர்டைப் பார்த்து, பிடிக்கவில்லை என்று சொல்லும் அளவுக்கு வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கே வழக்கமான காரணம் வேறு. சாதாரண பாஸ்வேர்டைக் கொண்டு மெயில் புரோகிராமில் நுழையும் வசதியைத் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே கடைசியில் கூகுள் நிறுத்திவிட்டது. இப்போது ஓஆத்2 முறையில், கூகுளின் லாகின் சன்னல் வழியாகத்தான் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்க வேண்டும். மைக்ரோசாஃப்டும் அதே பாதையில்தான் போயிருக்கிறது. சோஹோ மெயிலில் இலவசத் திட்டத்துக்கு ஐமேப் கிடையாது. கட்டணத் திட்டத்திலும் கணக்கின் செட்டிங்கில் போய் அதை இயக்க வேண்டும். இவை எதற்கும் அலுவலக நிர்வாகி பொறுப்பில்லை.

மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது. இது அடிக்கடி கேட்கும் புலம்பல். வருவதும் போவதும் வெவ்வேறு சர்வர், வெவ்வேறு போர்ட். 993-ஐத் திறந்துவிட்ட நிர்வாகி 465-ஐ மறந்திருக்கலாம், அல்லது ஸ்பேம் பயத்தில் வேண்டுமென்றே விட்டிருக்கலாம். தண்டர்பேர்டு வேறு அனுப்பும் சர்வரின் செட்டிங்கைக் கணக்கோடு வைக்காமல், பட்டியலின் அடியில் ‘அவுட்கோயிங் சர்வர்’ என்று தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறது. அங்கே போய்ப் பார்க்கவே பலருக்குத் தோன்றுவதில்லை.

விண்டோஸில் இன்னும் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வழி உண்டு. பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்ஷன் என்ற கட்டளையைத் தட்டி, சர்வர் பெயரும் போர்ட் எண்ணும் கொடுத்தால், கடைசி வரியில் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று பதில் வரும். ஃபால்ஸ் என்றால் வழி இல்லை. ட்ரூ என்பதை மட்டும் கொஞ்சம் ஐயத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். சில ஃபயர்வால்கள் சர்வர் சார்பில் தாங்களே கைகுலுக்கிவிட்டு, உள்ளே மெயில் பேச்சு தொடங்கியதும் அறுத்துவிடும்.

செட்டிங்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். மெயில் புரோகிராமுக்கு வெளியே போகும் வழி மட்டும் போதும். உள்ளே வரும் போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்ய வேண்டியதில்லை. மெயில் உங்களைத் தேடி வருவதில்லை. நீங்கள் திறந்த இணைப்பின் வழியாகத்தான் வருகிறது. வெளியே போன இணைப்பை நினைவில் வைத்து, அதற்கான பதிலை உள்ளே விடுவது ஃபயர்வால்கள் வழக்கமாகச் செய்யும் வேலை. விண்டோஸோடு வரும் ஃபயர்வாலும் வழக்கமான அமைப்பில் உள்ளே வருவதைத்தான் தடுக்கும், வெளியே போவதைத் தடுக்காது. ஆகவே அதை அணைத்துவைப்பதால் பயனில்லை.

தண்டர்பேர்டில் முகவரியைக் கொடுத்ததும், எந்த சர்வர், எந்தப் போர்ட் என்பதை மோசில்லாவின் தகவல் தொகுப்பிலிருந்து இணையம் வழியாக அதுவே எடுத்துக்கொள்ளும். ஃபயர்வாலுக்குப் பின்னால் இந்தத் தேடலே தோற்றுப்போகலாம். அப்போது அது சர்வர் பெயரை ஊகிக்க முயலும், ஊகத்தை நம்பாதீர்கள். கையால் நிரப்பும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். ஜிமெயிலுக்கு வரும் சர்வர் ஐமேப்.ஜிமெயில்.காம், போர்ட் 993, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். அனுப்பும் சர்வர் எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம், போர்ட் 465, அதே மறையாக்கம்; அது மூடியிருந்தால் 587-ம் ஸ்டார்ட்டிஎல்எஸ்-ம். நுழைவு முறை ஓஆத்2. இந்தியாவில் தொடங்கிய சோஹோ கணக்கு என்றால் பெயர் காம் என்று முடியாமல் இன் என்று முடியும். சொந்த டொமைன் வைத்திருக்கும் நிறுவனக் கணக்குக்கு ஐமேப்ப்ரோ என்று தொடங்கும். எண்கள் அதேதான்.

மைக்ரோசாஃப்ட் 365 மட்டும் கொஞ்சம் வேறுபடும். அனுப்புவதற்கு அங்கே 587-ம் ஸ்டார்ட்டிஎல்எஸ்-ம்தான், 465 கிடையாது. அதனால் 465 மட்டும் திறந்த நெட்வொர்க்கில் ஜிமெயிலிலிருந்து மெயில் போகும், மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து போகாது. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு கணக்கும் வைத்திருப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது.

587-ல் இன்னொரு ஆபத்தும் உண்டு. தொடக்கப் பேச்சு வெளிப்படையாக நடப்பதால், நடுவில் இருக்கும் கருவி அதில் கைவைக்க முடியும். சிஸ்கோவின் பழைய பிக்ஸ் ஃபயர்வால்கள் இதற்குப் பேர்போனவை. பாதுகாப்பு என்ற பெயரில் சர்வரின் வணக்க வரியை நட்சத்திரக் குறிகளாக மாற்றின. மறையாக்கத்துக்கு மாறலாம் என்று சர்வர் சொல்லும் வரியை எக்ஸ் எழுத்துகளால் அழித்தன. எதிர்முனையில் இருப்பவருக்கு, அந்த சர்வருக்கு மறையாக்கமே தெரியாது என்றுதான் தோன்றும். தண்டர்பேர்டு இப்படிப்பட்ட நேரத்தில் மறையாக்கம் இல்லாமல் பாஸ்வேர்டை அனுப்பாது, பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பிழைக்குப் பயந்து மறையாக்கத்தை ‘நன்’ என்று மாற்றிவிட்டால் மெயில் போய்விடலாம். உங்கள் பாஸ்வேர்டும் வழியில் இருப்பவர் எல்லோரும் படிக்கும்படி போகும். 465-ல் இந்த விளையாட்டுக்கு இடமில்லை. இரண்டும் திறந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 465-ஐப் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிராக்ஸி என்ற தனிச் சிக்கல்

சில நிறுவனங்களில் எந்தக் கம்ப்யூட்டரும் நேராக வெளியே போக முடியாது. பிராக்ஸி என்ற இடைத்தரகரிடம் சொல்ல வேண்டும். அவர் போய் வாங்கி வருவார். பிரவுசரில் அந்த பிராக்ஸியின் முகவரியும் 3128 அல்லது 8080 என்ற எண்ணும் போடப்பட்டிருக்கும். அதே இரண்டையும் தண்டர்பேர்டின் ‘கனெக்ஷன்’ செட்டிங்கில் எச்டிடிபி பிராக்ஸி என்ற கட்டத்தில் போட்டால் மெயில் வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. வராது. அந்தக் கட்டம் தண்டர்பேர்டு செய்யும் வலை வேலைகளுக்கு உரியது: மெயிலுக்குள் இருக்கும் படங்கள், கூடுதல் வசதிகளை இறக்குவது, கூகுளின் லாகின் சன்னல். ஐமேப்பும் எஸ்எம்டிபியும் அதன் வழியாகப் போவதில்லை.

இதனால் ஒரு விசித்திரமான காட்சி அரங்கேறும். கூகுள் சன்னல் அழகாகத் திறக்கும். பாஸ்வேர்டு, செல்பேசி உறுதி எல்லாம் முடியும். அனுமதி கொடுத்தாயிற்று என்று சொல்லிச் சன்னல் மூடும். அதற்குப் பிறகு இன்பாக்ஸ் காலியாகவே இருக்கும். சன்னல் போனது பிராக்ஸி வழியாக 443-ல். மெயில் போக முயல்வது நேராக 993-ல். முன்னது திறப்பு, பின்னது அடைப்பு. இதன் மறுபக்கமும் உண்டு. மெயில் போர்ட்களைத் திறந்துவிட்டு, கூகுளின் கணக்குத் தளத்தைத் தடைப் பட்டியலில் வைத்திருந்தால் லாகின் சன்னல் வெள்ளையாக நிற்கும், மெயிலும் வராது.

மெயிலைச் சுமக்கக்கூடிய பிராக்ஸி சாக்ஸ் வகையைச் சேர்ந்தது. அதன் வழக்கமான எண் 1080. உங்கள் நிறுவனத்தில் அது இருந்தால் சாக்ஸ் கட்டத்தில் முகவரியைப் போட்டு, வி5 தேர்ந்தெடுத்து, டிஎன்எஸ் தேடலையும் பிராக்ஸி வழியாகவே செய் என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். கடைசி டிக் முக்கியம். உள்நெட்வொர்க்கில் வெளிப் பெயர்களுக்கு முகவரி கிடைக்காத இடங்களில் அது இல்லாமல் வேலை நடக்காது. சாக்ஸ் இல்லாமல் எச்டிடிபி பிராக்ஸி மட்டும் இருக்கும் இடத்தில் தண்டர்பேர்டோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. பிராக்ஸிக்குள் மெயிலுக்குச் சுரங்கம் போடுவதற்கென்று வேறு கருவிகள் இருந்தாலும், பலரும் நிறுவும் ஸ்குவிட் பிராக்ஸியின் இயல்பான அமைப்பில் அப்படிப்பட்ட சுரங்கம் 443-க்கு மட்டுமே அனுமதி. 993 என்று கேட்டாலே கதவைச் சாத்தும்.

சான்றிதழ் எச்சரிக்கை

சர்வர் தன் அடையாளமாகக் காட்டும் சான்றிதழை நம்பமுடியவில்லை, விதிவிலக்கு கொடுக்கலாமா என்று தண்டர்பேர்டு கேட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். விமான நிலையம், ஹோட்டல், ரயில் நிலையம் போன்ற இடத்தில் இருந்தால் முதலில் பிரவுசரைத் திறந்து வைஃபையின் லாகின் பக்கத்தை முடியுங்கள். அதுவரை உங்கள் மெயில் கோரிக்கையை வைஃபை கருவி பிடித்துத் தன் பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம். சான்றிதழ் பொருந்தாததற்கு அதுவே காரணம். வீட்டில் வந்தால் ஆன்டிவைரஸ். மெயிலைச் சோதிக்கிறேன் என்று அது நடுவில் புகுந்து தன் சான்றிதழைக் காட்டுகிறது. அதன் மெயில் சோதனையை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

அலுவலகத்தில் வந்தால் விஷயம் கனமானது. மறையாக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடி அனுப்பும் ஃபயர்வால்கள் இருக்கின்றன. அவற்றின் நிறுவனச் சான்றிதழை அலுவலகம் கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே போட்டிருக்கும், அதனால் பிரவுசர் வாய் திறக்காது. தண்டர்பேர்டு தனக்கென்று சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருப்பதால் அது கூச்சல் போடலாம். அலுவலக மெயில் என்றால், நிர்வாகியிடம் அந்தச் சான்றிதழை வாங்கி முறையாகச் சேர்க்கலாம். சொந்த மெயில் என்றால் சேர்க்காதீர்கள் என்பது என் கருத்து. சேர்த்தபின் உங்கள் மெயில் முழுவதையும் நடுவில் இருக்கும் கருவி படிக்க முடியும்.

கேட்க வேண்டியதைக் கேட்பது

‘தண்டர்பேர்டு வேலை செய்யவில்லை, ஃபயர்வாலைத் திறந்துவிடுங்கள்’ என்று கேட்டால் எந்த நிர்வாகியும் திறக்கமாட்டார். எதை, எங்கே, எந்தத் திசையில் என்று கேட்டால் ஐந்து நிமிட வேலை. இப்படி எழுதலாம்:

‘ஐயா, வணக்கம். அலுவலக மெயிலைத் தண்டர்பேர்டில் பயன்படுத்த அனுமதி வேண்டும். என் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகும் டிசிபி இணைப்பு மட்டும் போதும். ஐமேப்.ஜிமெயில்.காம் போர்ட் 993, எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம் போர்ட் 465. உள்ளே வரும் போர்ட் எதுவும் தேவையில்லை, 25-ம் தேவையில்லை. செல்பேசி இணைப்பில் இதே செட்டிங் வேலை செய்கிறது. அலுவலக நெட்வொர்க்கில் டைம்டு அவுட் ஆகிறது. சோதித்த நேரமும் என் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியும் கீழே கொடுத்திருக்கிறேன்.’

நேரமும் ஐபி முகவரியும் இருந்தால் ஃபயர்வாலின் பதிவேட்டில் அவர் உங்கள் கோரிக்கையைத் தேடிப் பிடித்துவிடுவார். உங்கள் மெயில் நிறுவனத்தின் ஐபி முகவரியைத் தேடிக் கொடுக்க முயல வேண்டாம். கூகுள் போன்ற பெரிய நிறுவனங்களின் முகவரிகள் மாறிக்கொண்டே இருக்கும். பெயரை வைத்து அனுமதிக்கும் விதிதான் நிலைக்கும்.

மறுத்துவிட்டால்? பிரவுசரிலேயே பார்த்துக்கொள்வது, அல்லது சொந்தச் செல்பேசியின் டேட்டாவில் பார்ப்பது. இவை இரண்டும் யாருக்கும் தொந்தரவில்லாத வழிகள். 443-க்குள்ளேயே மெயிலை அனுப்பும் ஏற்பாடுகளும் உண்டு. ஃபயர்வாலுக்குப் பின்னால் தவிக்கும் வாடிக்கையாளருக்கென்றே ஃபாஸ்ட்மெயில் நிறுவனம் 443-ல் இயங்கும் ஐமேப், எஸ்எம்டிபி சர்வர்களைத் தனியாக வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் இந்தத் தந்திரத்தை 2003-லேயே செய்தது: எக்ஸ்சேஞ்ச் என்ற தன் சர்வரின் மெயிலை எச்டிடிபிக்குள் பொதிந்து அனுப்பியது. 2019-ல் தரநிலையாக வெளியான ஜேமேப் என்ற மெயில் நெறிமுறை பிறக்கும்போதே எச்டிடிபி மேல்தான் பிறந்தது. எல்லாப் போர்ட்டையும் மூடிவிட்டு ஒன்றைத் திறந்துவைத்தால் எல்லோரும் அதன் வழியாகவே நுழைவார்கள் என்பதைக் கேலி செய்து 2001 ஏப்ரல் 1 அன்று ஆர்எஃப்சி 3093 என்று ஒரு முட்டாள்தின ஆவணமே வெளியானது; ஃபயர்வாலை மேம்படுத்தும் நெறிமுறை என்று அதற்குப் பெயர். கேலி அப்படியே பலித்துவிட்டது.

அதற்குப் பதிலடியாக இன்றைய ஃபயர்வால்கள் எண்ணைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. உள்ளே ஓடுவது மெயிலா வலைப்பக்கமா என்று நடத்தையை வைத்தே கண்டுபிடிக்க முயல்கின்றன. ஆகவே 443 தந்திரம் எங்கும் பலிக்கும் என்று எண்ண வேண்டாம். எஸ்எஸ்எச் சுரங்கம், விபிஎன் இரண்டும் தொழில்நுட்ப அளவில் நடக்கும். அலுவலக விதியை மீறி அவற்றைப் போட்டால் வேலைக்கே உலை வைக்கலாம். அனுமதியோடு போடுகிறவருக்கு ஒரு குறிப்பு: சுரங்கத்தின் முனையாக சர்வர் பெயருக்குப் பதில் லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டால் சான்றிதழ் பொருந்தாமல் எச்சரிக்கை வரும். சுரங்கத்தையே சாக்ஸ் பிராக்ஸியாகத் திறந்து, தண்டர்பேர்டில் உண்மையான சர்வர் பெயரை விட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மெயில் வரத் தொடங்கிய பிறகு

காலையில் வருகிறது, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நின்றுபோயிருக்கிறது, தண்டர்பேர்டை மூடித் திறந்தால் மறுபடி வருகிறது. இதுவும் ஃபயர்வால் வேலைதான். புது மெயில் வந்ததும் சொல்வதற்காக ஐமேப் இணைப்பு ஒன்று பேசாமல் திறந்தே கிடக்கும். ஐடில் என்று பெயர். 29 நிமிடத்துக்கு ஒரு முறையாவது அதைப் புதுப்பிக்கச் சொல்கிறது 1997-ல் வந்த விதி. சும்மா கிடக்கும் இணைப்பை 2 மணி 4 நிமிடமாவது நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று முகவரி மாற்றும் கருவிகளுக்கு 2008-ல் ஒரு பரிந்துரையும் வந்தது. யார் கேட்கிறார்கள்? நேட் எனப்படும் அந்த வகைக் கருவி அமேசான் கிளவுடில் 350 நொடியில் மறந்துவிடும். ஃபயர்வால் மறந்தது தண்டர்பேர்டுக்குத் தெரியாது. செத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

கணக்கின் சர்வர் செட்டிங்கில், புது மெயிலை உடனே தெரிவிக்க சர்வரை அனுமதி என்ற கட்டத்தில் டிக்கை எடுத்துவிடுங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார் என்பதை 5 ஆக்குங்கள். அட்வான்ஸ்டு என்ற பொத்தானுக்குள், ஒரே நேரத்தில் வைத்திருக்கும் இணைப்புகள் 5 என்று இருக்கும். அதை 2 ஆகக் குறையுங்கள். ஆளுக்கு இத்தனை இணைப்பு என்று எண்ணிக் கொடுக்கும் விடுதி நெட்வொர்க்குகளில் இதுவே பெரிய வித்தியாசம் காட்டும்.

மெயில் போய்விட்டது, ஆனால் சென்ட் ஃபோல்டரில் நகல் வைக்க முடியவில்லை என்றும் சில நேரம் செய்தி வரும். அனுப்பும் வழி நன்றாக இருந்து, ஐமேப் வழி அந்த நொடியில் அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். இதைப் பார்த்துப் பதறி மறுபடி மறுபடி அனுப்பினால் எதிரில் இருப்பவருக்கு ஒரே கடிதம் மூன்று முறை போய்ச் சேரும். ஜிமெயிலில் அனுப்பியதன் நகலை சர்வரே எடுத்து வைத்துக்கொள்கிறது. தண்டர்பேர்டும் ஒரு நகல் வைக்க வேண்டும் என்ற டிக்கை எடுத்துவிட்டால் இந்தச் செய்தியும் வராது.